எழுத்துக் கூட்டி ஆங்கிலம் வாசிக்க: ஃபோனிக்ஸ், சொல்லமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைக்கு ஆங்கிலம் வாசிக்கக் கற்றுத்தரும் பெற்றோரும் ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். அதனால் எந்தச் சொல்லைச் சொல்கிறேன் என்று குழப்பம் வராமலிருக்க, பொருளையும் உடன் தர வேண்டியதாயிற்று. இது எவ்வளவு பெரிய சங்கடம் என்பது நான்காவது கேள்வியில் விளங்கும்.

ஃபோனிக்ஸ் என்றால் என்ன? அது ஏதோ புது முறையா?

பெயர்தான் புதிதாகக் கேட்கிறது. நாம் காலங்காலமாக ‘எழுத்துக் கூட்டி வாசித்தல்’ என்று சொல்லிவருவதுதான் அது. எழுத்தைப் பார்த்ததும் அதற்குரிய ஒலியைச் சொல்லி, ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்குவது.

தமிழில் இது எளிதாக நடந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. பேசும் வட்டாரத்தைப் பொறுத்து இந்த எண்ணிக்கை சற்றுக் கூடும், குறையும். எழுத்துப் பற்றாக்குறையால் ஓர் எழுத்து பல ஒலிகளுக்கு வேலை பார்க்கிறது. சில ஒலிகளுக்கு இரண்டு மூன்று எழுத்துகள் கூட்டாக நிற்கின்றன. எந்தக் கூட்டுக்கு எந்த ஒலி என்பதை ஒழுங்கான வரிசையில் சொல்லித்தருவதே ஃபோனிக்ஸ் பாடம்.

எழுத்தின் பெயரை முதலில் சொல்லித்தருவதா, ஒலியையா?

ஒலியை. பூனையைக் குறிக்கும் சொல்லைச் ‘சி, ஏ, டி’ என்று எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் ‘சியேடி’ என்றுதான் வருமே ஒழிய ‘கேட்’ என்று வராது. எச் என்ற பெயருக்குள் ஹ ஒலி இல்லை. டபிள்யூ என்ற பெயருக்குள் வ ஒலி இல்லை. எழுத்தின் பெயர்கள் பிறகு ஸ்பெல்லிங் சொல்லவும் அகராதி பார்க்கவும் தேவைப்படும். அவற்றை மெதுவாகக் கற்றுக்கொள்ளலாம்.

ஒலியைச் சொல்லித்தரும்போது பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. ‘ம’, ‘ப’, ‘ஸ’ என்று அகரம் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். பிறகு குழந்தை ஒலிகளைக் கூட்டினால் நடுவில் வேண்டாத அகரங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஆசிரியர்கள் இதைத் தவிர்க்கப் பெரும்பாடு படுகிறார்கள். நமக்கோ அதற்கென்றே ஒரு குறி இருக்கிறது: புள்ளி. ‘ம இல்லை, ம்’ என்று சொன்னால் தமிழ் எழுதத் தெரிந்த எந்தக் குழந்தைக்கும் சட்டென்று புரியும்.

ஒலியுணர்வு என்கிறார்களே, அது ஃபோனிக்ஸிலிருந்து வேறா?

வேறுதான். அதில் எழுத்தே கிடையாது. ஒரு சொல்லுக்குள் எத்தனை ஒலிகள் இருக்கின்றன, முதலில் எது, கடைசியில் எது என்று காதால் பிரித்தறியும் திறன் அது. கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம்.

தமிழ்க் குழந்தைக்கு இங்கேதான் முதல் தடுக்கல் வருகிறது. தமிழைக் கடகடவென்று வாசிக்கும் ஒரு சிறுமியிடம் மூன்று பொத்தான்களைக் கொடுத்து, சூரியனைக் குறிக்கும் ‘சன்’ என்ற ஆங்கிலச் சொல்லில் எத்தனை ஒலிகள் கேட்கின்றனவோ அத்தனை பொத்தான்களை முன்னால் நகர்த்தச் சொன்னேன். தயங்காமல் இரண்டை நகர்த்தினாள். அவள் கணக்கில் தவறில்லை: ச, ன் என்று தமிழில் இரண்டு எழுத்துகள்தான். தமிழ் எழுத்தில் உயிரும் மெய்யும் ஒட்டிப் பிறக்கின்றன. ஆங்கிலத்தில் தனித்தனியாக நிற்கின்றன. ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டி, கொஞ்சம் நிறுத்தி, ‘அ’ என்று சொல்லி, பிறகு ‘ன்’ என்றேன். நான்காவது முறை அவள் கை மூன்றாவது பொத்தானிடம் தானாகப் போயிற்று.

அவளுக்கு நான் புதிதாக எதையும் கற்றுத்தரவில்லை. ச் + அ = ச என்பது அவள் எப்போதோ படித்த உயிர்மெய்ப் பாடம். அதைத் திரும்பப் பிரிக்கச் சொன்னேன், அவ்வளவுதான். ஒலிக்கு ஒரு கட்டம் வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளை நகர்த்தும் இந்தப் பயிற்சியை சோவியத் உளவியலாளர் எல்கோனின் பெயரால் ‘எல்கோனின் பெட்டிகள்’ என்று சொல்வார்கள்.

உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைத்துப் படிக்கச் சொல்லலாமா?

வேண்டாம். வாக்கியத்துக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதித்தரும் பழக்கம் நல்லெண்ணத்தில் பிறந்ததுதான். ஆனால் ‘கேட்’ என்று எழுதினால் அது பூனையா, வாயிற்கதவா? ‘பேட்’ என்று எழுதினால் மட்டையா, மோசமா, தட்டிக்கொடுத்தலா, எழுதும் அட்டையா? ஆங்கிலம் வெவ்வேறாக எழுதி வெவ்வேறாக ஒலிக்கும் சொற்கள் தமிழ் எழுத்தில் வந்ததும் ஒரே உருவத்தில் நிற்கின்றன. வல்லொலிக்கும் அதன் மெலிந்த இணைக்கும் நம்மிடம் ஒரே எழுத்துதான். பூனையின் நடுவில் வரும் உயிரொலிக்கோ எழுத்தே இல்லை. எ என்று சொல்ல வாயைத் திறந்து, இன்னும் சற்று அகட்டினால் பிறக்கும் ஒலி அது.

இதைவிடப் பெரிய சிக்கல், குழந்தையின் கண் தமிழ் வரியிலேயே தங்கிவிடுகிறது என்பது. ஆங்கில எழுத்தைப் பார்க்க அதற்கு எந்தத் தேவையும் இல்லாமல் போகிறது.

எந்த ஒலிகளிலிருந்து தொடங்குவது?

அகரவரிசைப்படி போக வேண்டியதில்லை. ஸ், ப், ட், ன் ஆகிய மெய்யொலிகளும், இ-யும், மேலே சொன்ன பூனையின் உயிரொலியும் ஆக ஆறு ஒலிகளோடு தொடங்குவது பரவலான வழக்கம். இந்த ஆறைக் கொண்டே ஊசி, தகரம், குழாய், குட்டித் தூக்கம், உட்கார் என்று பொருள்படும் மூன்றெழுத்துச் சொற்களை முதல் வாரத்திலேயே வாசித்துவிடலாம். 26 எழுத்துகளையும் முடித்துவிட்டுத்தான் முதல் சொல் என்றால் குழந்தைக்குச் சலித்துவிடும்.

பிறகு மற்றக் குறில் ஒலிகள், பிறகு ஷ், ச், த் போன்ற ஈரெழுத்துக் கூட்டுகள், பிறகு ஈற்றில் ஈ என்ற ஆங்கில எழுத்து வரும் சொற்கள், பிறகு உயிரெழுத்துகள் இணைந்து வருபவை. இந்த வரிசை சற்று முன்பின்னாக இருந்தால் தவறில்லை. வரிசையே இல்லாமல் கண்ணில் பட்டதைச் சொல்லித்தருவதுதான் தவறு.

‘மந்திர ஈ’ என்பது என்ன?

சொல்லின் ஈற்றில் ஈ என்ற எழுத்து வந்து நிற்கும். தான் ஒலிக்காது, ஆனால் முன்னால் இருக்கும் உயிரொலியை மாற்றிவிடும். ஒற்றைக்காலில் தாவுதலைக் குறிக்கும் ‘ஹாப்’ நம்பிக்கையைக் குறிக்கும் ‘ஹோப்’ ஆகிறது. கருவிப்பெட்டியான ‘கிட்’ காற்றில் பறக்கும் ‘கைட்’ ஆகிறது. வெட்டுதலான ‘கட்’ அழகான ‘க்யூட்’ ஆகிறது.

வாசிப்பவர் உயிரொலியைச் சொல்லும் முன்பே இரண்டு எழுத்து தள்ளி எட்டிப்பார்த்துக்கொள்ள வேண்டும். இது கடினம் என்று பலர் அஞ்சுகிறார்கள். ‘கோ’ என்ற எழுத்தைப் பாருங்கள்: கொம்பு முன்னால், மெய் நடுவில், கால் பின்னால். மூன்றையும் பார்த்த பிறகே ஒரே ஒலியாகச் சொல்கிறோம். அதையே செய்யும் குழந்தைக்கு இது பெரிய தாண்டல் இல்லை.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலக் குறில், நெடில் என்பவை நம்முடைய இ, ஈ போல ஒரே ஒலியின் குட்டையும் நெட்டையும் அல்ல. ‘கிட்’ நெடிலானால் ‘கீட்’ ஆகவில்லை, ‘கைட்’ ஆயிற்று. ஒரு காலத்தில் அவை உண்மையான குறில் நெடில்களாகவே இருந்தன. பெயரைக் குறிக்கும் ‘நேம்’ என்ற சொல்லை ஏறத்தாழ ‘நாம’ என்று, ஈற்றெழுத்தும் கேட்கும்படி சொன்னார்கள். 15ஆம் நூற்றாண்டு தொடங்கி 17ஆம் நூற்றாண்டு வரை நெடில்கள் எல்லாம் வாய்க்குள் இடம்பெயர்ந்தன. எழுத்து மட்டும் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது.

‘ஹேவ்’, ‘கிவ்’, ‘லவ்’ ஆகியவற்றில் அந்த ஈ ஏன் வேலை செய்யவில்லை?

அங்கே அதற்கு வேறு வேலை. ஆங்கில வழக்கில் வி என்ற எழுத்தோடு சொல்லை முடிப்பதில்லை. ஈ அங்கே வெறும் தாங்குகட்டை. குழந்தையிடம் ‘இது விதிவிலக்கு’ என்று கையை விரிப்பதைவிட இதைச் சொல்லிவிடுவது நல்லது.

சி, ஜி ஆகிய எழுத்துகளுக்கு ஏன் இரண்டிரண்டு ஒலிகள்?

பின்னால் ஈ, ஐ, ஒய் ஆகிய மூன்றில் ஒன்று வந்தால் சி என்பது ஸ் என்று ஒலிக்கும்: நகரம், மிதிவண்டி, நாணயமான சென்ட். மற்ற இடங்களில் க். ஜி-க்கும் ஏறத்தாழ இதே கணக்கு. ஆனால் ‘கெட்’, ‘கிவ்’, ‘கேர்ள்’ போன்று அன்றாடம் புழங்கும் சில சொற்கள் அதற்குக் கட்டுப்படுவதில்லை.

‘தமிழில் இப்படியெல்லாம் இல்லையே’ என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். கடல், தங்கம், அகம் என்று சொல்லிப்பாருங்கள். ஒரே க, மூன்று ஒலிகள். இடத்தைப் பார்த்து ஒலியை மாற்றுவது நமக்கு யாரும் சொல்லித்தராமலே வருகிறது.

என் மகன் ‘இஸ்கூல்’, ‘புக்கு’ என்கிறான். திருத்த வேண்டுமா?

இயல்பான தமிழ்ச் சொல் இரண்டு மெய்களோடு தொடங்காது, வல்லின மெய்யோடு முடியாது. அதனால் நம் நாக்கு முன்னால் ஓர் இகரத்தையும் பின்னால் ஓர் உகரத்தையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறது. பேச்சில் இது பெரிய குற்றமில்லை. வாசிப்பிலும் எழுத்திலும் மட்டும் கவனியுங்கள்: இல்லாத உயிருக்கு எழுத்துத் தேடத் தொடங்கினால் ஸ்பெல்லிங் கெடும்.

‘த’, ‘வாஸ்’, ‘செட்’ போன்ற சொற்களை அப்படியே மனப்பாடம் செய்துவிடலாமா?

முழுச் சொல்லையும் படம்போல உருப்போடத் தேவையில்லை. ‘சொன்னான்’ என்று பொருள்படும் ‘செட்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கின்றன. நடுவிலுள்ள ஏ, ஐ இரண்டும் சேர்ந்துதான் எதிர்பாராமல் எ என்று ஒலிக்கின்றன. அந்த இரண்டை மட்டும் வட்டமிட்டுக் காட்டுங்கள். நினைவில் வைக்க வேண்டியது அவ்வளவே.

ஆங்கில ஸ்பெல்லிங் ஏன் இவ்வளவு தாறுமாறு?

வரலாற்றால். வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அச்சு பரவப் பரவ எழுத்து மெல்ல உறைந்தது, வாய் உறையவில்லை. போர்வீரனைக் குறிக்கும் ‘நைட்’ என்ற சொல்லின் முதலில் நிற்கும் கே-யும் நடுவிலுள்ள ஜி, எச் இரண்டும் ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்தவை.

சில எழுத்துகள் பண்டிதர்களின் கைவேலை. கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல்லில் நடுவே ஊமையாக நிற்கும் பி ஆங்கிலத்தில் முதலில் இல்லை. ‘டெபிட்டும்’ என்ற லத்தீன் மூலத்தை நினைவூட்டப் பின்னால் நுழைத்தார்கள். தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ சொல்லில் எஸ் வந்தது அதைவிட வேடிக்கை: தொடர்பே இல்லாத இன்னொரு சொல்லோடு உறவு கற்பித்துச் சேர்த்துவிட்டார்கள். ஊமை எழுத்துகளின் கதையைக் குழந்தைகள் விரும்பிக் கேட்பார்கள். கேட்ட சொல்லை மறக்கவும் மாட்டார்கள்.

சொல்லமைப்பு எதற்கு? ஃபோனிக்ஸ் மட்டும் போதாதா?

தொடக்கத்துக்குப் போதும். சொற்கள் நீளத் தொடங்கியதும் போதாது. ஆங்கில எழுத்து ஒலியை மட்டும் காட்டுவதில்லை, பொருளின் துண்டுகளையும் காட்டுகிறது. அந்தத் துண்டுகளுக்கு மொழியியலில் உருபன் என்று பெயர்: வேர், முன்னொட்டு, பின்னொட்டு.

தமிழில் பன்மை விகுதியைப் பாருங்கள். மரம் மரங்கள் ஆகிறது, கல் கற்கள் ஆகிறது, பூ பூக்கள் ஆகிறது. ஒலி மாறியதும் எழுத்தையும் மாற்றி எழுதுகிறோம். ஆங்கிலம் இதற்கு நேர்மாறு. இறந்தகாலத்துக்கு வரும் ஈற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ‘குதித்தாள்’ என்ற ஆங்கிலச் சொல்லில் அது பட்டம் என்பதிலுள்ள ட் போல ஒலிக்கும். ‘விளையாடினாள்’ என்பதில் வண்டி என்பதிலுள்ள மெலிந்த ட் போல ஒலிக்கும். ‘விரும்பினாள்’ என்பதில் ஓர் அசையே கூடும். ஒலி மூன்று, எழுத்து ஒன்றுதான். எழுத்து இங்கே ‘இது நடந்து முடிந்தது’ என்ற பொருளைக் காப்பாற்றுகிறது.

கையொப்பமிடுதலைக் குறிக்கும் ‘சைன்’ சொல்லில் ஜி வீணாக நிற்பதுபோலத் தோன்றும். கையொப்பமான ‘சிக்னேச்சர்’ என்பதைப் பக்கத்தில் வையுங்கள். அங்கே அந்த ஜி வாய்திறந்து பேசுகிறது. இரண்டைக் குறிக்கும் ‘டூ’ என்ற சொல்லில் டபிள்யூ எதற்கு என்று கேட்கும் குழந்தைக்கு இரட்டையரைக் குறிக்கும் ‘ட்வின்’, இருபதைக் குறிக்கும் ‘ட்வென்டி’, இருமுறையைக் குறிக்கும் ‘ட்வைஸ்’ ஆகியவற்றைக் காட்டினால் போதும். ஒரே குடும்பம், வீட்டுப்பெயரை விட்டுக்கொடுக்கவில்லை.

பின்னொட்டுச் சேரும்போது ஸ்பெல்லிங் மாறுவதை எப்படிச் சொல்லித்தருவது?

எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. ஏனென்றால் இதை நம் இலக்கணம் முன்பே சொல்லித்தந்துவிட்டது.

‘தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’ என்பது நன்னூல் விதி. பல் + ஐ = பல்லை. கண் + இல் = கண்ணில். இனி ஆங்கிலத்துக்கு வாருங்கள். ஓடுதலைக் குறிக்கும் ‘ரன்’ என்பதில் உயிர் குறில், பின்னால் ஒரே ஒற்று. ‘இங்’ என்ற, உயிரில் தொடங்கும் பின்னொட்டுச் சேர்ந்தால் என் என்ற எழுத்து இரட்டிக்கிறது. கால் + ஐ என்பது காலை ஆகிறதே தவிர கால்லை ஆவதில்லை; அதுபோலவே மழை பெய்தலைக் குறிக்கும் ‘ரெய்ன்’ என்பதோடு ‘இங்’ சேர்ந்தால் என் இரட்டிக்காது. கடல் + ஐ என்பதில் குறில் தனியாக இல்லாததால் கடலை என்றே நிற்கிறது; திறத்தலைக் குறிக்கும் ‘ஓபன்’ என்பதிலும் இரட்டிப்பு இல்லை. ஆனால் ஒப்புமை இங்கே முடிகிறது: அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால் நீண்ட சொல்லிலும் ஆங்கிலம் இரட்டிக்கும். தொடங்குதலைக் குறிக்கும் ‘பிகின்’ அப்படிப்பட்டது.

ஈற்று ஈ நீங்குவதும் நமக்குத் தெரிந்த கதைதான். காசு + ஐ = காசை; உயிர் வந்ததும் உகரம் ஓடிவிடுகிறது. காசு + கள் = காசுகள்; மெய் வந்தால் இருந்துவிடுகிறது. ‘ஹோப்’ என்பதோடு ‘இங்’ சேர்ந்தால் ஈ நீங்கும், ‘ஃபுல்’ சேர்ந்தால் நிற்கும். தாவுவதற்கும் நம்புவதற்கும் ‘இங்’ சேர்த்து எழுதி, ஒன்றில் மெய் இரட்டிப்பதையும் மற்றதில் இரட்டிக்காததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். வகுப்பில் இதைக் காட்டும்போது யாராவது ஒரு பிள்ளை ‘புணர்ச்சி!’ என்று கத்துவதுண்டு.

நீளமான சொல்லை எப்படி அசை பிரிப்பது?

ஆங்கில அசைகளை ஆறு வகையாகப் பிரிப்பார்கள். அந்தப் பெயர்களைக் குழந்தைக்குச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு போதும்: மெய்யில் முடியும் அசையில் உயிர் பெரும்பாலும் குறில், உயிரிலேயே முடியும் அசையில் பெரும்பாலும் நெடில். முயலைக் குறிக்கும் ‘ரேபிட்’ முதல் வகை, புலியைக் குறிக்கும் ‘டைகர்’ இரண்டாம் வகை. நடுவில் ஒரே மெய் இருந்தால் இரண்டு விதமாகவும் பிரித்துச் சொல்லிப்பார்த்து, தெரிந்த சொல் எதுவோ அதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அழுத்தமில்லாத அசையில் உயிரொலி மங்கி, ஒரு சோம்பல் அகரமாகிவிடும். ‘அபௌட்’ என்பதன் முதல் உயிர், ‘பென்சில்’, ‘டாக்டர்’ ஆகியவற்றின் இரண்டாம் உயிர் எல்லாம் அதே ஒலிதான். எழுத்துகள் வேறு வேறு. ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் உயிரொலி இது. இதற்கெனத் தனி எழுத்து இல்லை. ஸ்பெல்லிங் நினைவிருக்க, மனத்துக்குள் மட்டும் எழுத்தில் உள்ளபடி முழுதாகச் சொல்லிக்கொள்ளும் தந்திரம் உதவும்.

படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கச் சொல்லலாமா?

நாய்ப் படத்துக்குக் கீழே ‘டாக்’ என்று இருக்க, ‘பப்பி’ என்று உற்சாகமாக வாசித்த பையனை நான் பார்த்திருக்கிறேன். பொருள் கிட்டத்தட்டச் சரி, வாசிக்கவே இல்லை. படத்தைக் கையால் மறைத்தேன். அவன் என்னைப் பார்த்தான், பிறகுதான் எழுத்தைப் பார்த்தான். இதுவரை படித்த ஒலிகளைக் கொண்டே வாசிக்கக்கூடிய எளிய நூல்களை முதலில் கொடுங்கள். படம் வாசித்து முடித்த பிறகு பார்ப்பதற்கு.

பொருளே இல்லாத சொற்களை வாசிக்கச் சொல்கிறார்களே, ஏன்?

மனப்பாடத்தையும் வாசிப்பையும் பிரித்தறிய. முன்பின் பார்த்திராத சொல்லை நினைவிலிருந்து சொல்ல முடியாது அல்லவா? இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுக் குழந்தைகளுக்கு நடத்தும் ஃபோனிக்ஸ் சோதனையில் 40 சொற்கள். அவற்றில் பாதி இப்படிப் புனைந்தவை. சோதிக்க இது நல்ல கருவி. தினசரிப் பாடமாக்கிவிடாதீர்கள், பொருளில்லாததை எத்தனை நாள் வாசிப்பது?

நன்றாக வாசிக்கிறாள், ஆனால் பொருள் புரியவில்லை. என்ன செய்வது?

1986இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக வைத்தார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒரு பக்கம், கேட்டால் புரியும் மொழியறிவு மறுபக்கம். எது பூச்சியமானாலும் விடை பூச்சியம். ஆங்கிலம் காதில் விழாத வீட்டில் இரண்டாவது எண் சிறியதாக இருக்கும். அதற்கு இன்னும் ஃபோனிக்ஸ் மருந்தாகாது. சொல்லின் பொருளைத் தமிழில் தாராளமாகச் சொல்லுங்கள், கதைகளை உரக்க வாசித்துக் காட்டுங்கள், வாசித்ததைத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

எழுத்துகளை இடம்வலம் மாற்றி எழுதுகிறான். டிஸ்லெக்ஸியாவா?

அது மட்டுமே அறிகுறி ஆகாது. ஏழு வயதுவரை பல குழந்தைகள் அப்படி எழுதுவார்கள். டிஸ்லெக்ஸியா பெரும்பாலும் ஒலிகளைப் பிரித்தறிவதில் உள்ள சிரமம். கண்ணின் கோளாறு இல்லை. ஒழுங்காகச் சொல்லித்தந்தும் பல மாதங்களாக எளிய சொற்களைக்கூடக் கூட்ட முடியவில்லை என்றால், தமிழ் வாசிப்பிலும் அதே திணறல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தாமதிக்காமல் நிபுணரிடம் அழைத்துப்போங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

சிறு குழந்தைக்குப் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் தினமும். அதில் ஐந்து நிமிடம் பழைய ஒலிகளுக்கு, ஐந்து நிமிடம் புதிய ஒன்றுக்கு, மிச்சம் வாசிப்புக்கும் நான்கைந்து சொற்களைச் சொல்லச்சொல்ல எழுதுவதற்கும். குழந்தை நேற்று வாசித்த நூலையே இன்றும் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.